தேறினவர்கள் யார்? ஆவிக்குரிய வளர்ச்சி பற்றிச் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் போதகர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் பதினாறு வருடமாகத் திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை முதல் நற்கருணைக்குத் தயார்ப்படுத்துவது) எடுக்கிறேன், பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறேன், அவ்வளவுதான். கீழே உள்ள கேள்விகளில் பாதி வகுப்பில் வந்தவை. மீதி, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது கேட்கப்பட்டவை. வசனங்களை நம் சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

ஆவிக்குரிய முதிர்ச்சி என்றால் சரியாக என்ன?

'முதிர்ச்சி' என்பது மேடையில் கேட்கிற சொல். நம் வேதாகமம் அதற்கு வீட்டில் புழங்குகிற சொல் ஒன்றை வைத்திருக்கிறது: தேறினவன். காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டான் என்கிறோம். பரீட்சையில் தேறினான் என்கிறோம். புருஷனைப் பறிகொடுத்தவள் இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்கிறோம். மூன்றிலும் ஒரு சோதனையைக் கடந்து வந்த பொருள் இருக்கிறது. வயது ஏறியதால் மட்டும் யாரும் தேறுவதில்லை.

அப்போஸ்தலன் பவுல் எழுதின பிலிப்பியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் இதை வைத்து ஒரு வேடிக்கை நடக்கிறது. 12ஆம் வசனத்தில் பவுல், தான் 'முற்றும் தேறினவனானேன்' என்று எண்ணவில்லை என்கிறார். மூன்று வசனம் தள்ளி, 'நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம்' என்கிறார். எந்தச் சிந்தை? இன்னும் தேறவில்லை என்கிற சிந்தைதான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'அப்போ பாஸ் ஆனவன்தான் ஃபெயில்னு சொல்லுவானா சார்?' என்று ஒருவன் கேட்டான். கிட்டத்தட்ட அதேதான்.

எபிரெயர் 5ஆம் அதிகாரத்தில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. பால் குடிக்கிறவர்களுக்கு எதிரே 'பூரண வயதுள்ளவர்கள்' வருகிறார்கள். நன்மை தீமை இன்னதென்று 'பயிற்சியினால்' பகுத்தறிகிறவர்கள் அவர்கள். நீச்சல் மாதிரி, செய்து செய்து வருகிற ஒன்று.

எனக்குப் பழக்கத்தில் உதவுகிற அளவுகோல் ஒன்று உண்டு. ஒருவர் தேறினாரா என்பதை அவரிடம் 'இல்லை' என்று சொல்லப்படும் நாளில் பார்க்கலாம். கமிட்டிப் பட்டியலில் பெயர் விட்டுப்போன நாள், கேட்ட ஜெபத்துக்குப் பதில் வராத நாள், மகன் எதிர்த்துப் பேசின நாள். மற்ற நாட்களில் நாம் எல்லாரும் பரிசுத்தவான்கள்தான்.

எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் போகிறேன். அது வளர்ச்சி இல்லையா?

போவது நல்லது. ஆனால் கூட்டத்தின் எண்ணிக்கையும் வளர்ச்சியும் ஒன்றாகவே ஏறும் என்று நம்பினவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ அருகே வில்லோ கிரீக் என்ற பெரிய சபை இருக்கிறது. ஆட்களை நிகழ்ச்சிக்குள் கொண்டுவந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்ற எண்ணத்தில் ஏகப்பட்ட நிகழ்ச்சிகள் நடத்திய சபை. அவர்களே தங்கள் சபையாரிடம் விரிவாகக் கேட்டு 2007இல் முடிவை வெளியிட்டார்கள்: நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொண்டதை வைத்து ஒருவருக்கு தேவனிடமும் மனிதரிடமும் அன்பு கூடியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. தாங்கள் நடத்திய கடையின் கணக்கைத் தாங்களே பார்த்து, தவறு என்று வெளியே சொன்னதை நான் மெச்சுகிறேன்.

நம் ஊரிலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை வீட்டு ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், நடுவே கன்வென்ஷன் என்று ஓடுகிறோம். அந்த ஓட்டத்தில் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு யார் கையில் கழுவப்படுகிறது என்று ஒருதரம் பாருங்கள்.

அந்நிய பாஷை பேசுகிறவர், தீர்க்கதரிசனம் சொல்கிறவர் நம்மைவிட முதிர்ந்தவர்தானே?

கொரிந்து சபையைப் பாருங்கள். முதல் நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் அவர்களை 'யாதொரு வரத்திலும் குறைவில்லாதவர்கள்' என்கிறார். அதே ஆட்களைத்தான் மூன்றாம் அதிகாரத்தில் குழந்தைகள் என்கிறார். காரணமும் சொல்கிறார்: பொறாமை, வாக்குவாதம், பேதகம். வரம் என்பது கொடை. கொடுத்தவரைப் பற்றித்தான் அது பேசும், வாங்கினவரைப் பற்றி அதிகம் சொல்லாது. கனியோ காய்த்துப் பழுக்க வேண்டியது. கலாத்தியர் 5இல் ஒன்பது குணங்களை அடுக்கிவிட்டு அதைக் 'கனி' என்று ஒருமையில்தான் சொல்லியிருக்கிறது. எனக்கு அன்பு உண்டு, நீடிய பொறுமை மட்டும் கிடையாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

'எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?' என்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லையே?

பலருக்கு இல்லை. தேதி உள்ளவர்களும் அதோடு முடித்துக்கொள்ள முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் தன் இருதயம் விநோதமாக அனல்கொண்டதாக எழுதியது பிரசித்தம். எட்டு மாதம்கூட ஆகாமல், 1739 ஜனவரி 4ஆம் தேதி நாட்குறிப்பில், 'நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல' என்று எழுதினார். இதைச் சாட்சிக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை. நம் சாட்சிகள் எல்லாம் முதல் வகுப்பில் தேறியே முடியும்.

மாற்கு 4இல் ஒரு சின்ன உவமை உண்டு. விதைத்தவன் தூங்குகிறான், விழிக்கிறான். 'அவனுக்குத் தெரியாதவிதமாய்' விதை முளைக்கிறது. முன்பு முளை, பின்பு கதிர், அப்புறம் கதிரிலே நிறைந்த தானியம். நாற்று நட்ட தேதி விவசாயிக்குத் தெரியும். கதிர் விட்ட நிமிஷம் யாருக்குத் தெரியும்?

வேதம் எவ்வளவு வாசிக்க வேண்டும்?

பழைய கணக்கு ஒன்று உண்டு: நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. மொத்தம் 1189 அதிகாரம். இந்தக் கணக்கில் வருஷத்துக்குள் முடிந்துவிடும். என் பாட்டி அப்படி நாற்பது தடவைக்கு மேல் முடித்தவள். லேவியராகமத்தில் வேகம் குறையாத ஒரே ஆளை நான் அவளிடம்தான் கண்டேன்.

அளவைவிட எனக்குக் கவலை தருவது நறுக்கி வாசிப்பது. ஜனவரி முதல் தேதி அதிகாலை, வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை (அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டது) எடுக்க வரிசை நிற்கும். எரேமியா 29:11 வந்தால் முகம் மலரும்: 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சரி, அதற்கு முந்தின வசனம்? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. கடிதம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதே கடிதம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பாமலே சாகப்போகிறவர்கள். அட்டையில் அந்த எழுபது வருஷத்துக்கு இடம் இல்லை. அட்டையை எடுங்கள், நானும் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முழுக்க வாசித்துவிடுங்கள்.

ஜெபிக்கவே மனம் வரவில்லை. நான் பின்வாங்கிப் போய்விட்டேனா?

'பின்மாற்றக்காரர்' என்ற பட்டத்தை நம் ஆட்கள் சட்டென்று ஒட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு ஸ்தோத்திரத்தில் வந்து நிற்கும். இது நிற்காது; சிநேகிதனும் தோழனும் விலகிப்போனதோடு முடிந்துவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் சங்கீதப் புத்தகம் என்று கட்டிவைத்தார்கள். கொல்கத்தாவின் அன்னை தெரசா இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல் அவருடைய தனிக் கடிதங்கள் வெளிவந்தபோது, ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஜெபத்தில் வெறுமையைத்தான் கண்டார் என்பது தெரிந்து உலகம் திகைத்தது. அந்த வருஷங்கள் முழுக்க அவர் வேலையை விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வறட்சியும் ஆவிக்குரியது ஆகாது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் வந்தான். பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு என்ன போடுகிறார் என்று கேளுங்கள்.

சபையில் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்படியே நற்கருணை எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியுள்ளவனா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒரு பாட்டில் தனிக்குரல் நான் பாடுவதாக இருந்தது. ஒன்றரை மாதம் பழகினேன். கடைசி ஒத்திகையில் குழுவை நடத்துகிற அண்ணன் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். எல்லார் முன்னாலும், காரணம் சொல்லாமல். 'சரி அண்ணே' என்று சொல்லிவிட்டு வந்தவன், எட்டு மாதம் குழுப்பக்கம் போகவில்லை. கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த எட்டு மாதமும் வகுப்பில் மத்தேயு 5:23, 24 நடத்தினேன்: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், 'முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி' அப்புறம் வா. நற்கருணையும் எடுத்தேன். முழங்காலில் நிற்கும்போது அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே எனக்குத் தெரியும்.

அதில் நான் கற்றது: கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. மீதி ஏழு மாதம் நான் காத்துக்கொண்டிருந்தது அவர் வருவதற்கு. அந்த வசனத்திலோ, குறை உள்ளவன் வரட்டும் என்று இல்லை. உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று உனக்கு நினைவு வந்தால் நீ எழுந்து போ என்றுதான் இருக்கிறது. யார்மேல் தப்பு என்று அளந்து பார்க்க அங்கே தராசு வைக்கவில்லை.

பவுலும் பர்னபாவும், ஊழியத்தைப் பாதியில் விட்டுப்போன மாற்குவை வைத்துக் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள், அப்போஸ்தலர் 15இல் இருக்கிறது. வருஷங்கள் கழித்து, சாவு நெருங்கும்போது, 'மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா' என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் பவுல். மாற்கு தேறிவிட்டான் என்று பிரசங்கிக்கிறோம். பவுலும்தான் தேறியிருக்கிறார்.

கணவர் அடிக்கிறார். 'பொறுத்துப்போ, அதுதான் ஆவிக்குரிய முதிர்ச்சி' என்கிறார்கள். சரியா?

இல்லை. அடியை வாங்கிக்கொள்வதைக் கிருபை என்று பெயர் மாற்றிச் சொல்கிறவர்கள் அடிக்கிறவனுக்குத்தான் ஊழியம் செய்கிறார்கள். பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள், பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஜாதி பார்ப்பதற்கும் ஆவிக்குரிய வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? அது சமுதாய விஷயம்தானே?

வாசலில் இதை என்னிடம் கேட்டவர் சபையில் மதிக்கப்படுகிற பெரியவர். அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். இங்கே கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறேன்.

கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். உபதேசத்தில் ஒரு எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை. உட்காரும் இடத்தை மட்டும் மாற்றினார். அதற்குத்தான் பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேரைச் சேர்த்த பிரசங்கி, பந்தியில் தோற்றார்.

தமிழ்ச் சபைக்கு இந்தக் கதை பழையது. ஒரே ஆலயத்தில் தனித்தனியாக உட்கார்ந்ததும், நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்ற சண்டையும் நம் முன்னோர் நடத்தியவை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேறுபாட்டை உடனே, முழுசாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் எழுந்து போய்விட்டார்கள். ஞானோபதேசம் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் பாடம்) மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கீர்த்தனை பாடினவர்கள். எழுந்து போனார்கள்.

இன்றைக்கு? கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களைப் படியுங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஊழிய பாரமுள்ள மணமகள் தேவை' என்று தொடங்கும் வரி அடுத்த சொல்லிலேயே ஜாதிப் பெயரில் போய் நிற்கும். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பிய ஊரும் தமிழ்நாட்டில் உண்டு. உயிர்த்தெழுதல் நாளில் எந்தப் பக்கத்துக்காரர் முதலில் எழும்புவது என்று அங்கே யாராவது யோசித்திருப்பார்களோ என்னவோ.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருதரம் அசனப் பண்டிகை வரும். அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு காய்ச்சி, பணக்காரன் ஏழை எல்லாரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஆதித்திருச்சபையின் அன்பின் விருந்தை நினைவுபடுத்துகிற வழக்கம் இது. ஒரு வருஷம் வெளியூரில் வேலை பார்க்கும் குடும்பம் ஒன்று வந்திருந்தது. பந்தியில் உட்காரப் போனவர்கள் பக்கத்து இலையில் இருந்தவரைப் பார்த்துவிட்டு, 'நாங்க வீட்டுக்கு வாங்கிட்டுப் போறோம்' என்று தூக்குவாளியை நீட்டினார்கள். பரிமாறின பையனுக்குப் பதினைந்து வயது, என் வகுப்புப் பிள்ளை. 'அண்ணே, வாளிக்கு அசனம் கிடையாது. இலைக்குத்தான்' என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான். அப்படி ஒரு விதி எங்கள் சபையில் அதுவரை இல்லை. அந்த வருஷம் திடப்படுத்தலுக்கு அவன் ஞானோபதேசத்தில் பாதிக் கேள்விக்குத் தடுமாறினான். நான் அவன் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதினேன்.

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவருக்கு உடனே பொறுப்புக் கொடுக்கலாமா?

வேலை கொடுங்கள், பதவி கொடுக்காதீர்கள். சபையை நடத்துகிற கண்காணியைப் பற்றி 1 தீமோத்தேயு 3 'நூதன சீஷனாயிருக்கக்கூடாது' என்கிறது. பெருமை வந்துவிடும் என்பது காரணம். அதே சமயம் சும்மா உட்காரவைத்தால் வளர்ச்சியே நின்றுவிடும். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் (போதகர்களை ஐயர் என்போம்), 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் ஆனவர், ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைப்பாராம். எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்து மக்களில் பலர் அப்படிச் சொன்னவர்கள். நம் சபைகளிலோ தலைகீழ்: முப்பது வருஷம் வந்தவருக்கு வேலை இல்லை, சென்ற வருஷம் வந்த வசதியானவருக்குக் கமிட்டியில் இடம்.

யூடியூபில் நல்ல பிரசங்கங்கள் வருகின்றன. வீட்டிலிருந்தே வளர முடியாதா?

பிரசங்கம் கிடைக்கும், சில ஞாயிறுகளில் எங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் திரையில் இருக்கிறவருக்கு உங்கள் முகம் தெரியாது.

மறுபடி வெஸ்லி. 1742 பிப்ரவரி, பிரிஸ்டல் நகரத்தில் ஜெபவீடு கட்டின கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஏழைகள், எப்படிக் கொடுப்பார்கள் என்று கேட்டதற்கு, பரம ஏழைகள் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாரம் தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அதையும் நானே போடுகிறேன் என்றார். அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒருவராக வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் கண்டது வேறு: ஒருவன் குடித்துக் கிடந்தான், இன்னொருவன் பெண்டாட்டியோடு மல்லுக்கட்டினான். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல் கூட்டம் ஆத்தும விசாரணைக் கூட்டமாக மாறியது. மெதடிஸ்ட் இயக்கம் ஊன்றி நின்றதற்கு அவருடைய பிரசங்கத்தைவிட இந்தப் பன்னிரண்டு பேர் வகுப்புகள்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பெரிய ஏற்பாடு வேண்டாம். 'போன வாரம் உங்க வீட்டு விஷயம் என்னாச்சு?' என்று கேட்கவும், நீங்கள் 'ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்' என்று சொன்னால் நம்பாமல் இருக்கவும் மூன்று பேர் போதும்.

தசமபாகம் கொடுப்பது முதிர்ச்சியின் அடையாளமா?

அடையாளங்களில் ஒன்று. இயேசுவைச் சந்தித்த வரி வசூல்காரன் சகேயுவின் கணக்கை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன்: அநியாயமாய் வாங்கினது உண்டானால் 'நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்.' காணிக்கை உறையில் போடுவது எளிது. வட்டிக்கு வாங்கி நொந்தவன் வீட்டுக் கதவைத் தட்டித் திருப்பிக் கொடுப்பது கடினம். என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப் பானையில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோக. கைப்பிடி அரிசி. மாதக் கடைசியில் அந்தப் பிடி சின்னதாகும், ஆனால் நின்றதில்லை.

திடப்படுத்தல் முடிந்ததும் பிள்ளைகள் ஆலயத்துக்கு வருவதில்லை. என்ன செய்வது?

வெள்ளை உடுப்புப் போட்டு, பேராயர் தலையில் கை வைத்து, போட்டோ எடுத்து, பிரியாணி போட்டு அனுப்பிவிடுகிறோம். அது பள்ளி இறுதி விழா மாதிரிதான் அவர்களுக்குத் தெரிகிறது. பட்டம் வாங்கினவன் மறுபடி வகுப்புக்கு வருவானா?

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: 'சார், யோபு கேட்ட கேள்விக்கு ஆண்டவர் கடைசிவரை பதிலே சொல்லலையே?' பக்கத்திலிருந்த உதவி ஆசிரியர், 'அப்படியெல்லாம் கேக்கப்படாது' என்று அடக்கிவிட்டார். நானும் அந்த நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. நீதிமானான தனக்கு ஏன் இத்தனை துன்பம் என்று கேட்ட யோபுக்குக் காரணம் சொல்லப்படவே இல்லை. ஆனால் கேள்வி கேட்ட யோபுவை 'நிதானமாய்' பேசினவன் என்றும், பதில் வைத்திருந்த மூன்று சிநேகிதரைத் தப்பிதமாய்ப் பேசினவர்கள் என்றும் கடைசி அதிகாரம் சொல்கிறது. அடுத்த வாரம் இதை அவளிடம் சொல்லலாம் என்று தயாரித்துக்கொண்டு போனேன். அவள் அந்த வாரம் வரவில்லை. திடப்படுத்தலுக்கு வந்தாள். அப்புறம் வரவில்லை.

படுத்த படுக்கையாகிவிட்டேன். இனிமேல் எனக்கு என்ன வளர்ச்சி?

டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் விழுந்து அடிபட்டார். 1951இல் சாகும்வரை இருபது வருஷத்தில் பெரும்பகுதி அறையிலேயே. எழுதினார், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். கல்லறையில் கல் நாட்ட வேண்டாம் என்றாராம்; பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். எங்கள் தெருவில் படுக்கையில் கிடக்கிற பாட்டி ஒருத்தி இருக்கிறார்; அவருக்கு நற்கருணையைப் போதகர்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒவ்வொரு வருஷமும் திடப்படுத்தல் பட்டியலை என்னிடம் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். போன தடவை பார்க்கப் போனபோது, யோபைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நர்சிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சொன்னது அவர்தான்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தேறிவிட்டீர்களா?

எட்டு மாதம் கழித்துப் பாடகர் குழுவுக்குத் திரும்பிப் போனேன். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். ஒப்புரவு என்று வேதத்தில் சொல்வது இதுதானா என்றால், இல்லை.

சென்ற அசனத்தில் என் வரிசைக்குக் குழம்பு ஊற்றி வந்தவர் அவர். 'இன்னும் கொஞ்சம்?' என்றார். 'போதும் அண்ணே' என்றேன். ஆனால் போதும் என்கிறவன் இலைக்கு மேலே கையை விரித்து மறைப்பான் இல்லையா, அதை நான் செய்யவில்லை. அவர் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.